கடல் தெரியாத கடற்கரைச் சாலை: காங்கேயத்திலிருந்து ராமேசுவரம் வரை

“ஏனுங்ணா, ஈ.சி.ஆர்.ல போனா வழி நெடுகக் கடலப் பாத்துட்டே போலாமுங்களா?”

பரீட்சை முடிந்து லீவு விட்டால் எங்கள் ஊர்ப்பக்கம் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். கேட்பவர்கள் மனதில் இருப்பது ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் அலை, நடுவே வழுக்கிக்கொண்டு போகும் கார். நான் சொல்லும் பதிலில் பாதிப் பேருக்கு முகம் வாடிப்போகும். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ராமநாதபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரும்பாலான இடங்களில் கடல் கண்ணில் படாது. வயல், தென்னந்தோப்பு, சீமைக்கருவேலங்காடு, உப்பளம், பாலம், பள்ளிவாசல், சர்ச், மறுபடியும் வயல். கடல் என்னவோ கிழக்கே கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். ஆனால் வண்டியை இடது பக்கம் திருப்பி ஊருக்குள் இறங்கினால்தான் அதைப் பார்க்கலாம்.

அதனால்தான் அந்தச் சாலை எனக்குப் பிடிக்கும். இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போகத் தெரிந்தவர்களுக்கான சாலை அது.

எனக்கு அந்தப் பக்கம் பழக்கமானது தொழிலால். காங்கேயத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கிறோம். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் களங்களில் காய்வது எல்லாமே கொங்கு நாட்டுத் தேங்காய் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி தோப்புகளிலிருந்தும் லோடு லோடாக வருகிறது. காய் பார்க்க, விலை பேச, பாக்கி கொடுக்க என்று போய்வந்ததில் அந்தக் கரையோர ஊர்கள் பழகிவிட்டன. பிறகு அம்மாவையும் வீட்டுக்காரியையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, லோடு கணக்கு எதுவும் இல்லாமல், கடலுக்காகவே போக ஆரம்பித்தேன். இதைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று, தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் எந்தப் பாதி என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ஈ.சி.ஆர். என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது சென்னை–மாமல்லபுரம்–புதுச்சேரிப் பகுதி. மீனவர் ஊர்களை இணைத்துக் கிடந்த சிறு சாலைகளை 1990களில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ஒன்றாக்கி அகலப்படுத்தினார்கள். மரம் வெட்டப்படுவதும் கரையோரம் கெடுவதும் குறித்து அப்போதே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2002-ல் அந்தப் பகுதி சுங்கச் சாலையானது. மாமல்லபுரம் ஒருமுறை பார்க்க வேண்டிய இடம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நம்ம ஊரிலிருந்து சென்னை வரை போய், அந்த நெரிசலில் ரிசார்ட் மதில்களுக்கு நடுவே ஓட்டுவதற்கு இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. கரூர், திருச்சி, தஞ்சாவூர் வழியாகக் கிழக்கே போனால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு நாகப்பட்டினம் வந்துவிடலாம். வெடியால நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். கோயம்புத்தூரில் புறப்பட்டு பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், திருச்சி என்று நாகப்பட்டினத்தில் முடியும் 83-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் நம்ம ஊரைக் கடலோடு கட்டும் கயிறுதான்.

இந்தத் தொடர்பு இன்றைக்கு நேற்று வந்ததில்லை. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் ராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. மேற்குக் கரையையும் சோழ நாட்டையும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இணைத்த பழைய வழித்தடம் அது. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்யும் பட்டறைகளே கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்து அந்த ஊரைக் கொடுமணம் என்று பாடுகிறது. பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் காவிரியில் சேர்ந்து பூம்புகாருக்குத்தான் போகின்றன. பூம்புகார் முகத்துவாரத்தில் நின்று பார்த்தால் காவிரி மெலிந்த ஓடையாகத்தான் வந்து சேரும். வெள்ளக் காலத்துப் பெருந்தண்ணீரைக் கொள்ளிடம் வாங்கிக்கொண்டுவிடுகிறது. அங்கே குளிக்க இறங்க வேண்டாம். அடியில் இழுப்பு அதிகம்.

கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் பூம்புகாரோடு தரங்கம்பாடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1620-ல் டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-ல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புத்தகம் போட்ட ஊர். 1845-ல் மொத்தமாக ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில், குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கடலுக்கும் கரைக்கும் உள்ள கணக்கு எப்படிப்பட்டது என்று குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

நாகப்பட்டினத்தில் ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்தது. இன்று அங்கே கட்டடமாக எதுவும் மிச்சமில்லை. நாகூர் தர்காவின் ஐந்து மினார்களும் வேளாங்கண்ணி மாதா கோயிலும் எல்லோருக்கும் தெரிந்தவை. பொழுதோட நாகூர்க் கடைத்தெருவில் இறால் வைத்துச் சுடும் வாடா சாப்பிட்டுப் பாருங்கள். தங்குவதற்கு வேளாங்கண்ணியில் எல்லா விலையிலும் அறை கிடைக்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா, அப்போது அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். இந்தக் கரையில் 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சுனாமியில் போனார்கள். மீனவர் ஊர்களில் நினைவுத் தூண்களைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆனால் அங்கிருப்பவர்களிடம் போய் அன்றைக்கு என்ன நடந்தது என்று தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் காது கொடுங்கள்.

வேதாரண்யம் என்றால் எனக்கு உப்புதான். கொங்கு நாட்டுக்காரர்கள் அங்கே தலை நிமிர்ந்து நிற்கக் காரணம் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நூறு பேர் அளவில் ஓர் உப்புச் சத்தியாகிரகப் படை நடந்தே புறப்பட்டது. தலைமை ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்தவர், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தவர். நடந்தவர்கள் வழியெல்லாம் பாடிய பாட்டு நாமக்கல் கவிஞர் எழுதியது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். வருகிறவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு எங்கேயிருக்கிறது என்று ஜாடை காட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியதும் ராஜாஜியைக் கைது செய்தார்கள். அந்த இடத்தில் நினைவுத்தூண் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பாமல் உப்பளத்துப் பக்கமும் போக வேண்டும்.

மழைக்காலம் கழிந்து வெயில் ஏற ஆரம்பித்தபின் போனால் உப்பு வாரும் வேலை நடக்கும். நாங்கள் போனபோது பொழுது புலரும் முன்னாலேயே ஆட்கள் பாத்தியில் இறங்கியிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெளிச்சமே கண்ணைக் குத்தும், அதனால் அந்த நேரம். நீளக் கம்பில் கோத்த பலகையால் பாத்தியின் அடியில் படிந்ததை இழுத்து வரப்போரம் ஒதுக்குகிறார்கள். தண்ணீருக்குள் பலகை உரசும்போது சரசரவென்று ஒரு சத்தம். ஒதுக்கிய உப்பு முதலில் கொஞ்சம் பழுப்பாக, ஈரமாக இருக்கிறது. வடிய வடியத்தான் வெளுக்கிறது. பெண்கள் கூடையில் சுமந்து கொண்டுபோய் மேட்டில் குவிக்கிறார்கள், அம்பாரத்தின் மேல் கீற்று வேய்ந்து மூடுகிறார்கள். என் அம்மா களத்தில் கொப்பரை அள்ளிப் பழகியவர். வரப்பிலேயே நின்று அந்த அம்மாக்களின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு வெடித்துக் காய்ப்பேறிய பாதங்கள். “நம்ம களத்துல வெயில் மட்டுந்தான் சாமி. இவுங்களுக்கு வெயிலும் உப்பும்” என்றார்.

வேலை செய்கிறவர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். பாத்தி வரப்பு வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாம் என்று நினைக்க வேண்டாம், உப்பு அறுத்துவிடும். கோடியக்கரை காட்டில் வெளிமான்களைப் பார்க்கக் காலை நேரம் நல்லது. பூநாரைகள் வருவது மழைக்காலத்தை ஒட்டித்தான்.

அடுத்து முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. தமிழ்நாட்டிலேயே பெரிய அலையாத்திக் காடு இதுதான், சுமார் 12 ஆயிரம் ஹெக்டேர். ஜாம்புவானோடையிலிருந்து வனத்துறை அனுமதியுடன் படகில் போக வேண்டும். நேராகப் போய் நின்றால் படகு கிடைக்கும் என்று நம்பாமல் முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நேரம் காலை ஏழு மணிக்குள் இருக்கட்டும். பத்து மணிக்கு மேல் தண்ணீரின் எதிரொளிப்பில் தலைவலி வந்துவிடும், பறவைகளும் ஒதுங்கிவிடும். காவிரியின் கடைசிக் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் இந்தச் சேற்றில் வந்துதான் கலக்கின்றன. படகு ஆற்று வாய்க்கால் வழியே போகும்போது இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து மேல்நோக்கிக் குச்சி குச்சியாக வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் மரம் வேரை மேலே அனுப்பி மூச்சு வாங்குகிறது. படகுக்காரர் ஓர் இலையைப் பறித்து என் மகளிடம் கொடுத்து நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்பு! மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியாகக் கக்குகிறது. பாடப்புத்தகத்தில் படித்திருந்தாலும் நாக்கில் பட்ட அந்த உப்பை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாய்க்கால் முடிந்து காயல் திறக்கும் இடத்தில் படகை நிறுத்தச் சொல்லுங்கள். கரையே தெரியாத அளவுக்குத் தண்ணீர், ஆனால் ஆழம் இடுப்பளவுதான் இருக்கும்.

இந்தச் சாலை ஏன் கடலை விட்டுத் தள்ளி ஓடுகிறது என்பது முத்துப்பேட்டையைப் பார்த்தால் புரியும். பாக் நீரிணைக் கரை முழுக்க இப்படித்தான் சேறும் காயலும் ஆற்று முகத்துவாரமுமாகக் கிடக்கிறது. கெட்டித் தரை தேடிச் சாலை உள்ளே ஒதுங்குகிறது. கடலை நம்பியவர்களின் ஊர்கள் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கின்றன. மணல் விரிந்த, அலை அடிக்கிற பீச்சை எதிர்பார்த்துக் குழந்தைகளைக் கூட்டிப் போனால் இந்தப் பகுதியில் அழுதுவிடுவார்கள். அதற்கு வேளாங்கண்ணியிலும் பிறகு தனுஷ்கோடியிலும் நேரம் ஒதுக்குங்கள். இங்கே பார்க்க வேண்டியது வேறு.

இந்தப் பாதையின் பழைய பெயர் சேது சாலை. ராமேசுவரம் யாத்திரைக்காரர்கள் நடந்த வழி. தஞ்சை மராட்டிய அரசர்கள் இதில் நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம், மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம், மீமிசலில் ராஜகுமாராம்பாள் சத்திரம். சேதுபாவாசத்திரம் என்ற ஊருக்கு ஊர்ப்பெயரே அதுதான். இந்தச் சத்திரங்களின் மானியத்தில் கைவைக்க வேண்டாம் என்று இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் சத்திரம் எப்படி நடக்கிறது என்று விவரமாகச் சொல்கிறார். சாதி வித்தியாசமில்லாமல் வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு. பொங்கின சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நோயில் விழுந்தவர்களுக்கு வைத்தியரும் மருந்தும். நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பது. நம்ம பக்கத்திலிருந்து கொடுமுடியிலோ பவானி கூடுதுறையிலோ தர்ப்பணம் முடித்துவிட்டு ராமேசுவரம் நடந்தவர்களும் இந்தச் சோற்றைத்தான் தின்றிருப்பார்கள். அரை நாள் நடைக்கு ஓர் இறங்குமிடம் என்று வகுத்த சாலையில், ஏசி காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நூறில் பறப்பது எனக்கு ஒப்பவில்லை.

அதே சரபோஜி கட்டியதுதான் மனோரா. மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரம் எட்டு அடுக்குக் கோபுரம், அறுகோண வடிவம், சுற்றி அகழி. போனபார்ட்டின் வீழ்ச்சியைக் கொண்டாடி எழுப்பியது என்று கல்வெட்டு சொல்கிறது. வாட்டர்லூ போருக்காகக் கட்டியது என்று பலரும் சொல்வார்கள். கல்வெட்டில் இருப்பது 1814, வாட்டர்லூ நடந்தது 1815-ல். நெப்போலியன் முதல் தடவை முடி துறந்ததற்கான கொண்டாட்டம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கோபுரத்துக்கு முன்னால் விரிந்திருக்கும் கடலுக்கடியில் கடல்புல் படுகைகள். அதை மேயும் கடற்பசுவுக்காக 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். மீனவர்கள் அதை ஆவுளியா என்கிறார்கள். கரையில் நின்றால் அது கண்ணில் படும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மல்லிப்பட்டினத்து மீனவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், வலையில் சிக்கியதை அறுத்துவிட்ட கதை கட்டாயம் வரும். பெருமையாகச் சொல்வார்கள்.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, சேதுபாவாசத்திரம். இந்தத் தோப்புகளைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே கரையேறியது. அதற்குப் பிறகு பாக்கி கொடுக்கப் போனபோது நான் பார்த்த தோப்பு ஒன்று இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. நாற்பது ஐம்பது வருட மரங்கள், ஒன்றுவிடாமல் ஒரே பக்கம் தலை சாய்த்துக் கிடந்தன. சில வேரோடு பிடுங்கி, சில நடுவில் முறிந்து. தோப்புக்காரர் என்னிடம் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. “வாங்க தம்பி, டீ சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு, விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். தென்னை வைத்தவனுக்குத்தான் தெரியும், நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், நிறைந்து காய்க்க இன்னும் சில வருஷம். இன்று அந்தச் சாலையில் போகிறவர்கள் உயரம் குறைந்த இளந்தோப்புகளைப் பார்த்துப் பச்சைப் பசேலென்று இருக்கிறது என்பார்கள். மறுபடி வைத்து, தண்ணீர் கட்டி, காய்க்கக் காத்திருந்தவர்களின் உழைப்பு அது. வழியில் இளநீர் குடித்தால் பேரம் பேச வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வேன்.

மீன் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கட்டுமாவடியில் இறங்க வேண்டும். காலையில் ஏலம். இந்தக் கரையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் மற்ற நாட்களில் நாட்டுப்படகும் கடலுக்குப் போகும் ஏற்பாடு உண்டு. அதனால் எந்த நாள் எது வரும் என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டு போனால் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது. கோடை லீவில் போய்விட்டு மீனே இல்லை என்று குறை சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரா, கெழங்கா, காரப்பொடி, நீலக்கால் நண்டு. ஆற்று மீன் கெண்டை, கெளுத்தி, ஜிலேபி என்றே பழகிய நமக்குப் பெயரெல்லாம் புதிது. ஏலம் எடுக்கிற அம்மா ஒருத்தி என் வீட்டுக்காரிக்கு நண்டைத் திருப்பிப் போட்டு, வயிற்று மடல் அகலமாக இருந்தால் பொட்டை, குறுகலாக இருந்தால் ஆண் என்று காட்டினார். முட்டை சுமந்திருப்பதை வாங்காதே என்றும் சொன்னார். “அது கடல்ல கிடந்தாத்தான் அடுத்த வருஷம் எங்களுக்குச் சோறு” என்றார். காலையில் பார்த்து மதியம் சாப்பிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் பச்சை மீன் கட்டிக்கொண்டு வர நினைக்க வேண்டாம்.

நாகையிலிருந்து கட்டுமாவடி வரையும், அங்கிருந்து ராமநாதபுரம் வரையும் சாலை அகலமாகி நன்றாக ஆனது 2000களில், உலக வங்கிக் கடனில் நடந்த தமிழ்நாடு சாலைத் துறைத் திட்டத்தில்தான். இன்று 32-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஆனாலும் பெரும்பகுதி இருவழிச் சாலையே. ராத்திரியில் மாடுகள் நடுரோட்டில் படுத்திருக்கும், தார் சூடு அவற்றுக்குச் சுகம். வளைவுகளில் மணல் பரவிக் கிடக்கும், பைக்கில் வருகிறவர்களுக்கு அதுதான் எமன். பொழுது சாய்ந்தபின் இந்தப் பகுதியில் ஓட்டுவதில்லை என்று எங்கள் லாரி டிரைவர்களே வைத்திருக்கிறார்கள், குடும்பத்தோடு போகிறவர்களும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். தங்குவதற்குப் பட்டுக்கோட்டை வசதி. அதற்குத் தெற்கே ராமநாதபுரம் வரை குடும்பத்தோடு தங்கும்படி லாட்ஜ் குறைவு. டீசலைப் பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். கழிப்பறைக்குப் பெண்கள் சிரமப்படாமல் இருக்க, பெரிய பெட்ரோல் பங்க்கைப் பார்த்தால் தேவை இருக்கிறதோ இல்லையோ நிறுத்திக்கொள்வது எங்கள் வழக்கம்.

மீமிசல், சுந்தரபாண்டியன்பட்டினம், தொண்டி வேகமாகக் கடந்துவிடலாம். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையின் படகுச் சவாரி இருக்கிறது, முத்துப்பேட்டையைத் தவறவிட்டவர்கள் இங்கே இறங்கலாம். தேவிபட்டினத்தில் நவபாஷாணம், கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்கள். கிரக தோஷத்துக்கு நம்ம பக்கத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது 1988-ல். அதற்கு முன் தீவுக்கு ரயில்தான் வழி. 1914-ல் கட்டிய பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக, நடுப்பகுதி செங்குத்தாக மேலே ஏறும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. தூக்கும் பகுதி மட்டும் 72.5 மீட்டர். சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பதால்தான் அவ்வளவு நெரிசல். பாலம் ஏறுவதற்கு முன்பே ஓரமாக நிறுத்தி, இறங்கி நடந்து பாருங்கள்.

தனுஷ்கோடிக்கு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை 2017-ல் வந்தது. நாகையிலிருந்து இவ்வளவு தூரமும் ஒளிந்துகொண்டே வந்த கடல் இங்கே இரண்டு பக்கமும் சாலையை ஒட்டி நிற்கும். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் போனது ஆனி மாதத்தில், தென்றல் காலம். தெற்கே அலை மேலெழும்பி உடைந்துகொண்டிருந்தது, வடக்கே குளம் போலக் கிடந்தது. அம்மா நடுச்சாலையில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஒரே தண்ணிதானுங்களே, ஒருபக்கம் கத்துது, ஒருபக்கம் தூங்குதே!” என்று படகுக்காரர் ஒருவரிடம் கேட்டார். “வாடை வந்தா மாறிப்போகும்மா. அப்ப இது கத்தும், அது தூங்கும். நாங்க படகை அந்தப் பக்கம் கொண்டுபோயிருவோம்” என்றார் அவர்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரும் பயணிகளோடு வந்த ரயிலும் போன இடம். சர்ச்சின் சுவர்கள் பவளக்கல்லாலானவை, தொட்டுப் பார்த்தால் உள்ளே பூப்பூவாக வடிவம் தெரியும். தயவுசெய்து பேர் கிறுக்க வேண்டாம். முனையில் குளிக்கக் கூடாது. மாலைக்கு மேல் சோதனைச் சாவடியில் வண்டியை விடமாட்டார்கள், அதனால் மூன்று மணிக்கெல்லாம் உள்ளே போய்விடுங்கள். ஆடி, தை அமாவாசையில் ராமேசுவரம் முழுக்கத் தலைகளாக இருக்கும். தர்ப்பணம் கொடுக்கிறவர்களுக்கு அது வேண்டும், ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு வேண்டாம்.

எப்போது போவது என்றால் தைப் பொங்கல் நோம்பி கழிந்து மாசி முடிய. ஐப்பசி, கார்த்திகையில் புயலும் மழையும். சித்திரையில் வெயில் உப்புக் காற்றோடு சேர்ந்து ஆளை உலுக்கிவிடும். குழந்தைகள் லீவுக்காகக் கோடையில்தான் முடியும் என்றால் காலை ஆறு முதல் பத்து வரையும், மாலை நாலு முதல் ஆறரை வரையும் மட்டும் வெளியே சுற்றுங்கள். நாலு நாள் இருந்தால் போதும். முதல் நாள் ராத்திரி வேளாங்கண்ணி, இரண்டாம் நாள் வேதாரண்யம் பார்த்துவிட்டுப் பட்டுக்கோட்டை. மூன்றாம் நாள் விடியலில் முத்துப்பேட்டை வந்து படகு, பிறகு மனோரா, ராத்திரி ராமநாதபுரம். கட்டுமாவடி ஏலம் பார்க்க வேண்டுமென்றால் அன்று படகை விட்டுவிட்டு நேரே தெற்கே போக வேண்டியிருக்கும், இரண்டும் ஒரே காலையில் நடக்காது. நாலாம் நாள் ராமேசுவரம் பார்த்து, மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக வீடு. வயதானவர்கள் கூட இருந்தால் ஐந்து நாளாக்கிக்கொள்ளுங்கள்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாளே வண்டியை வாட்டர் சர்வீஸ் விடுங்கள், அடிப்பாகம் முழுக்க நல்ல தண்ணீர் பட வேண்டும். கடற்காற்றின் உப்பு சைலன்சரிலும் சஸ்பென்ஷனிலும் உட்கார்ந்தால் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். கருவாடு வாங்கி வந்திருந்தால் அதை இரண்டு வெயில் காயவைத்து, மண்பானையில் காகிதம் போட்டு அடுக்கி, வாயைத் துணியால் கட்டி வையுங்கள். நெத்திலியும் சூடையும் ஆடி வரைக்கும் தாங்கும்.